வாடாத கத்தரி

"என் செடி ரொம்ப நல்லா இருக்கு சார். அதான் என் புகார்."

துப்பறிவாளர் சேக் பரீது நடையை நிறுத்தினார். காலையில் கதவைத் திறந்ததிலிருந்து அந்தச் சின்ன அறைக்குள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தவர் அவர். நாற்காலி வருகிறவர்களுக்கு, யோசிக்கிறவனுக்கு எதற்கு என்பது அவருடைய கட்சி. அவர் நின்றுவிட்டால் விஷயம் கனமானது என்று உதவியாளன் அப்பளசாமிக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், வாய் சும்மா இருந்தால்தானே.

"அப்ப நீங்க இடம் மாறி வந்துட்டீங்க டாக்டர். நல்லா இருக்குன்னா கோயிலுக்குப் போயி தேங்கா உடைக்கணும் லா. இங்க மாட்டக் காணோம், மாப்பிள்ளையக் காணோம்னுதான் ஆளுங்க வருவாங்க."

டாக்டர் திலகம் சிரிக்கவில்லை. ஊசி போடுகிற டாக்டர் அல்ல அவள். செடி கொடிகளைப் படிக்க இங்கிலாந்து வரை போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவள். கோலாலம்பூரில் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கைக்குட்டையை முறுக்குவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

அறை இருந்தது கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரில், சேக் பரீதின் தங்கை சுபைதா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். கீழே மீன் கறி கொதித்தது. வெளியே வெயில் கொளுத்தியது. அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வறட்சியில் ஆற்றோரத்துக் கம்பங்களில், அந்த மலாய்க் கிராமங்களிலேயே, கிணறு வற்றிவிட்டது என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"முழுசாச் சொல்லும்மா," என்றார் சேக் பரீது.

"கத்தரிச் செடி சார். ரோட்டோரத்துல யாரும் தண்ணி ஊத்தாமலே சுண்டைச் செடி நிக்குமே, பாத்திருப்பீங்க. அதோட மரபணு ஒண்ண எடுத்துக் கத்தரிக்குள்ள வெச்சிருக்கேன்."

"சுண்டைக்கும் கத்தரிக்கும் கலப்புக் கல்யாணமா?" என்றான் அப்பளசாமி.

"கல்யாணம் பண்ணா மாப்பிள்ளை வீட்டுக் கொணம் மொத்தமும் வந்துடும். நான் ஒரே ஒரு கொணத்த மட்டும் திருடிக் கொண்டாந்தேன்."

அப்பளசாமிக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

"என்ன குணம் அது?" என்றார் சேக் பரீது.

"இலையில கண்ணுக்குத் தெரியாத வாய் ஆயிரக்கணக்குல இருக்கு சார். செடி அது வழியாத்தான் மூச்சு விடும், வேர்க்கும். மண்ணு காய ஆரம்பிச்சா வாய மூடிக்கணும். சாதாக் கத்தரி ஏமாளி. எல்லாத் தண்ணியும் போனப்புறம்தான் மூடும். அப்படியே கருகிப் போயிடும். என் செடி உஷார். மண்ணு காயத் தொடங்கின உடனே மூடிடும்."

"மூடினா?"

"வேர்க்காது. வேர்க்காத இலை வெயில்ல சுடும். மூச்சு கம்மியாப் போறதால சாப்பாடும் கம்மி. அதனால வளராது, காய்க்காது. உசுரக் கையில புடிச்சிக்கிட்டு மழைக்குக் காத்திருக்கும். அவ்வளவுதான் நான் பண்ணது."

"ஆனா இப்ப?"

"நேத்து உச்சி வெயில்ல வேலிக்கு வெளிய நின்னு கைய விட்டுத் தொட்டுப் பாத்தேன். இலை ஜில்லுன்னு இருக்கு சார்! இடுப்பு உயரம் வளந்து காயும் விட்டிருக்கு. தண்ணியே காட்டாத செடி வேர்த்துக்கிட்டு நிக்குது. யாரோ திருட்டுத்தனமாத் தண்ணி குடுக்கறாங்க."

சேக் பரீது மறுபடி நடக்க ஆரம்பித்தார். திலகம் அவர் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு மீதியைக் கொட்டினாள். செடி இருப்பது ஈஜோக் பக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தமான செராயா தோட்டத்தில். இன்று மதியம் கம்பெனியின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர், வந்து பார்க்கிறார். அவர் தலையசைத்தால் விதை விற்பனைக்குப் போய்விடும். சுங்கை பெசாரில் அதை வாங்க முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவன் அவளுடைய சொந்த அண்ணன். தண்ணீர் இல்லாமலே இப்படிக் காய்க்கும் என்று நம்பி, வைத்திருக்கிற மூன்று ஏக்கரிலும் நெல்லை விட்டுவிட்டு இதைப் போடப் போகிறான்.

"விளையலன்னா அவன் தெருவுலதான் நிக்கணும்," என்றாள்.

"கம்பெனியில சொன்னியா?"

"விற்பனை மேலாளர் சேதுகிட்ட சொன்னேன். நல்லா இருக்கறதக் கெடுக்காதேன்னுட்டார். வேலிக்கு ரெண்டு சாவிதான். ஒண்ணு அவர்கிட்ட, இன்னொண்ணு வேலையாளுங்கள மேய்க்கிற மண்டோர் முருகையாகிட்ட. நான் ஆதாரம் இல்லாம வாயத் திறந்தா முருகையா தலையில பழியப் போட்டு வெளிய அனுப்பிடுவாங்க. தோட்டத்துல வேலை போனா கூலிக்காரங்களுக்குக் குடுத்த லயத்து வீடும் போயிடும் சார்."

"அப்பளம், காரை எடு."

"ரொட்டி பாதியில இருக்கு பாய்."

"மீதிய நடந்துக்கிட்டே தின்னு."

அப்பளசாமியின் பழைய டட்சன், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. தோட்டத்து வாசல் வளைவு தெரிந்ததும் திலகம் அவசரமாகச் சொன்னாள்: "நேராப் போவாதீங்க. லயத்து வழி வேணாம். பின்னால ஒரு மண் ரோடு இருக்கு."

"இருபது வருஷமா லோரி ஓட்டினவன் நான். எனக்கே தெரியாத ரோடு," என்றான் அப்பளசாமி.

"கம்பெனி வேலையா வந்து பழக்கம்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண் ரோட்டில் மருந்தடிக்கும் பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். முதுகில் களைக்கொல்லிப் பம்பு, கையில் நீளக் குழாய், கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றிய துணி. காருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் கார் கடந்து போன பிறகும் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அப்பளசாமி கண்ணாடியில் கவனித்தான். நம் வண்டிக்கு இவ்வளவு மவுசா என்று நினைத்துக்கொண்டான். அவன் மூளை அதற்கு மேல் ஓடவில்லை.

சோதனைத் திடல் கம்பி வேலிக்குள் இருந்தது. மழை விழாதபடி மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூரை. தரையில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. செடி நிற்கும் இடங்களில் மட்டும் ஓட்டை. வேலி ஓரத்து இரண்டு வரிசையில் கத்தரிகள் கொழுகொழு என்று நின்றன. தூரத்தில், எதிர்ப் பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க நட்ட சாதாக் கத்தரிகள் கருகி விறகாகிக் கிடந்தன.

வாசலில் டை கட்டிய ஒருவர் பழைய வோல்வோவில் சாய்ந்து நின்றிருந்தார். சேது. வேற்று ஆளைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. அதற்குள் அப்பளசாமி முந்திக்கொண்டான்.

"சார் பெரிய எழுத்தாளர்ங்க. உங்க கத்தரியப் பத்தி அவர் எழுதினா சிலாங்கூர் முழுக்கப் பேசும். நான் போட்டோ எடுக்கறவன்."

"கேமரா?"

"வண்டியில தூங்குது சார். வெயில் ஆவாது அதுக்கு."

விளம்பரம் என்றதும் சேதுவின் முகம் மலர்ந்துவிட்டது. தாமே பூட்டைத் திறந்தார். "முன் வரிசையப் பாருங்க. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம வளந்தது! பின்னாடி போக வேணாம், அங்க மண்ணு சரியில்ல. எதையும் தொடாதீங்க, விரிப்பத் தூக்காதீங்க. டத்தோ பாத்தப்புறம்தான் எல்லாம்."

தொடாதே என்று சொன்னால் சேக் பரீதுக்குக் கை அரிக்கும். சேது சட்டைக் காலரைச் சரிசெய்து கொண்டிருந்த நேரத்தில் அவர் முன் வரிசை இலை ஒன்றை இரண்டு விரலால் பிடித்தார். பிறகு இரண்டாம் வரிசை. பிறகு, போக வேண்டாம் என்ற மூன்றாம் வரிசைக்கே போய்விட்டார். அங்கே நின்றவை குட்டையாக, சாம்பல் பூத்து, இலை சுருங்கி, பார்க்கவே பரிதாபமாக இருந்தன.

"அப்பளம், இங்க வா. தொடு."

தொட்டவன் கையை உதறினான். "சுடுது பாய்!"

"முன்னால?"

ஓடிப் போய்த் தொட்டான். "ஜில்லு."

"இதுவும் உன் செடிதானேம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் சேக் பரீது.

"நாலு வரிசையும் என்னுதுதான். எதிர்ப் பக்கம் மட்டும்தான் சாதா." திலகம் மூன்றாம் வரிசை இலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சார்... இது சுடுது சார். வாய மூடிக்கிட்டிருக்கு."

அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அப்பளசாமிக்கு உடனே புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. பாய் அவன் காதோரம் குனிந்து, சேதுவின் காரைப் பார் என்று சொல்லிவிட்டார்.

சேது, எழுத்தாளருக்குத் தம்முடைய பெயரின் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அப்பளசாமி வோல்வோவின் பின்பெட்டியைத் திறந்தான். திறந்தவன் கூவிவிட்டான்.

"மாட்டிக்கிச்சு பாய்! ரெண்டு டின் நிறையத் தண்ணி!"

சேது ஓடி வந்தார். "யோவ், அது ரேடியேட்டருக்குய்யா! இந்தச் சனியன் பிடிச்ச வண்டி கொதிக்காம ரவாங் ஊரத் தாண்டாது!"

அவர் முன்பக்க மூடியைத் தூக்கியதும் குப்பென்று ஆவி அடித்தது. ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகிக் காரின் கீழே ஒரு குட்டையே கட்டியிருந்தது. அப்பளசாமி பின்பெட்டியை மரியாதையாக மூடினான்.

"போட்டோக்காரர் ஏன் என் பெட்டியத் திறக்கறார்?" என்றார் சேது சந்தேகமாக.

"வெளிச்சம் எப்படி இருக்குன்னு பாத்தேன் சார்."

சேக் பரீது இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. வேலிக்கு வெளியே, கம்பியை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலை, திரும்ப அங்கிருந்து இங்கே. அப்பளசாமி வியர்வையைத் துடைத்தபடி பின்னால் ஓடினான்.

"என்ன பாய் தொலைச்சீங்க?"

"புல்லப் பாரு."

"புல்லு."

"எப்படி இருக்கு?"

வேலியைச் சுற்றி நான்கு பக்கமும் புல் கருகிப் பழுப்பாகக் கிடந்தது. களைக்கொல்லி பட்டுச் செத்த புல். ஆனால் முன் வரிசைக் கத்தரிகளுக்கு நேரே, ஒரு கோடு கிழித்த மாதிரி, புல் பச்சைப் பசேல் என்று தலையாட்டியது.

"நாடே காஞ்சு கெடக்கு," என்றார் சேக் பரீது. "அதுக்கு மேல மருந்து வேற அடிக்கறாங்க. இந்தப் புல்லு மட்டும் ஏன் சிரிக்குது?"

"மருந்து போதல."

"மருந்து போதலன்னா புல்லு சாகாது. சரி. தண்ணி இல்லாம இவ்வளவு பச்சையா எப்படி வளரும்?"

அப்பளசாமி வாயைத் திறந்தான், மூடினான். பிறகு திரும்பத் திறந்தபோது குரல் தணிந்திருந்தது. "பம்புல இருந்தது மருந்தே இல்ல. தண்ணி."

"குழாய் எவ்வளவு நீளம்?"

காரில் வரும்போது பார்த்ததை அவன் மனதில் ஓட்டினான். ஒரு ஆள் கை நீளத்துக்கு மேலேயே இருக்கும். கம்பி வேலிக்குள் நுழைத்து, விரிப்பின் ஓட்டையில் மூக்கை வைத்தால் இரண்டு வரிசை வரைக்கும் எட்டும். மூன்றாம் வரிசைக்கு எட்டாது. சாவியும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு பொம்பளை புல்லுக்கு மருந்தடிக்கிறாள், அவ்வளவுதான். வேலி கட்டினவன் ஆளைத் தடுத்தான், குழாயைத் தடுக்க மறந்துவிட்டான்.

"வாரேவா! அந்தச் சேது ஒரு பொம்பளைக்குக் காசு குடுத்து..."

"வாய மூடிக்கிட்டு வா. மருந்து ஸ்டோர் எங்க?"

ஸ்டோர் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போனதும் களைக்கொல்லியின் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. பெண்கள் காலை வேலை முடித்துப் பம்புகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மண்டோர் முருகையா, இவர்கள் திலகத்தோடு வருவதைக் கண்டதும் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பழி தன் பக்கம் வருகிறது என்று ஏற்கெனவே காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நான் ஒரு சொட்டு ஊத்தலைங்க. மாரியம்மா மேல சத்தியம்."

"ஊத்தலன்னு எனக்குத் தெரியும்," என்றார் சேக் பரீது. "வேலியோரம் அந்தப் பச்சைப் புல்லு?"

"அதாங்க எனக்கும் புரியல. அடிக்கறோம், சாவ மாட்டேங்குது. மருந்து பழசுன்னு நெனச்சேன்."

"அப்பளம், ஒவ்வொரு பம்பா மூடியத் திறந்து மோந்து பாரு."

"ஏன் பாய், காலையில ரொட்டி தின்னது உங்களுக்குப் பொறுக்கலையா?"

முணுமுணுத்துக்கொண்டே ஆரம்பித்தான். முதல் பம்பு கண்ணைக் கரித்தது. இரண்டாவது தும்ம வைத்தது. எல்லாவற்றிலும் மருந்தின் பச்சைக் கறை படிந்து கிடந்தது. கடைசியாக மூலையில் இருந்ததைத் திறந்தவன் தலையை உள்ளே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"இதுல ஒண்ணுமே இல்ல. சுபைதாக்கா தண்ணிப் பானையவிட சுத்தம்."

சேக் பரீது பக்கத்தில் குந்தினார். அந்தப் பம்பு உள்ளும் புறமும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த மாதிரி பளபளத்தது. குழாய் மூக்கில்கூட ஒரு பச்சைப் பொட்டு இல்லை. கைப்பிடியில் மட்டும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தது.

"காசுக்குச் செய்யறவ இப்படித் தேய்க்க மாட்டா," என்றார். "ஒரு துளி விஷம்கூட அந்தச் செடி மேல பட்டுடக் கூடாதுன்னு பயந்து பயந்து தேய்ச்சிருக்கா. இது வேலை இல்ல, வேண்டுதல். மண்டோரே, யாரோட பம்பு இது?"

முருகையா திலகத்தைப் பார்த்தார். திலகம் அந்தக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க மாமா," என்றாள். "பரவால்ல."

மாமா என்றதும் அப்பளசாமிக்குச் சுருக்கென்றது. கம்பெனி டாக்டர், தோட்டத்து மண்டோரை மாமா என்கிறாள்!

"சின்னம்மாவோடது," என்றார் முருகையா. "லோரியில வர்ற தண்ணிய எல்லாருக்கும் சமமாத்தான் பங்கு போடறோம். இவளும் வாங்கறா. ஆனா துணி தொவைக்கக் காணோம், தலைக்குக் குளிக்கக் காணோம். பொம்பளைங்க கேலி பண்றாளுங்க. இப்பத்தானே தெரியுது அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு."

"சின்னம்மாங்கறது?"

"எங்க அம்மா," என்றாள் திலகம்.

சேதுவைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்த அப்பளசாமிக்கு இப்போது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

திலகம் தானாகவே சொன்னாள். "இந்தத் தோட்டத்து லயத்துலதான் பொறந்தேன். கம்பெனியில யாருக்கும் தெரியாது. போன மாசம் வந்தப்போ வீட்டுக்கு ஒரு எட்டுப் போனேன். அந்தச் செடி வாடுச்சுன்னா நான் தொலைஞ்சேன்மான்னு சொல்லிட்டு உடனே கெளம்பிட்டேன். நேத்து வந்து கம்பெனி பங்களாவுலயே தங்கிட்டேன். வீட்டுப் பக்கம்கூடப் போகல." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் சொன்னத அம்மா அப்படியே நம்பிடுச்சு."

பின்னால் யாரோ கைதட்டினார்கள். சேது வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ, போதுமான அளவு கேட்டுவிட்டார்.

"அருமை! அம்மாவா?" அவர் குரலில் தேன் வழிந்தது. "பாருங்க டாக்டர், இதுல பிரச்சினையே இல்ல. நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்லல. டத்தோவுக்கு முன் வரிசை போதும். சொன்னா என்ன ஆவும்? மருந்த அடிக்காம ஏமாத்தினதுக்கு அம்மாவுக்கு இன்னைக்கே கணக்கு முடிச்சிடுவாங்க. லயத்து வீட்டக் காலி பண்ணணும். உங்க வேலையும் போவும்." பிறகு சேக் பரீதின் பக்கம் திரும்பினார். "நீங்க எழுத்தாளர் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. வந்த வழியாப் போங்க."

"எனக்குச் சம்பளம் குடுக்கறது இந்தப் பொண்ணு," என்றார் சேக் பரீது. "இது சொன்னாப் போறேன்."

வெளியே பெரிய கார் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திலகம் எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். அப்பளசாமி கணக்குப் போட்டுப் பார்த்தான். இவள் வாயை மூடினால் அண்ணன் தெருவில் நிற்பான். திறந்தால் அம்மா நிற்பாள். எந்த முட்டாள் இவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தான், பேசாமல் ஊசி போடுகிற டாக்டராகவே ஆகியிருக்கலாம் என்று தோன்றியது.

"மாமா," என்றாள் முருகையாவிடம், "அம்மாவக் கூட்டியாங்க."

டத்தோ நரைத்த தலையும் கனத்த உடம்புமான மலாய்க்காரர். திடலில் முன் வரிசையைக் கண்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. சேது குனிந்து நிமிர்ந்து விளக்கம் சொன்னார். திலகம் குறுக்கே புகுந்தாள்.

"டத்தோ, இதப் பாக்காதீங்க. அதப் பாருங்க." மலாயில்தான் பேசினாள். அவரை மூன்றாம் வரிசைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"இது செத்துப் போயிருக்கே?"

"சாகல. இதுதான் என் செடி. அழகா இருக்காது, காய்க்காது. எதிர்ப் பக்கத்துல சாதாக் கத்தரி எல்லாம் கருகிடுச்சு, இது உசுரோட நிக்குது. ஆனா மழையோ தண்ணியோ வந்தாத்தான் காய் குடுக்கும். தண்ணியே இல்லாம காய்க்கும்னு சொல்லி வித்தா வாங்கறவன் அழிஞ்சு போவான்."

"அப்போ முன்னாடி இருக்கிறது?"

திலகம் வேலிப் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு ஒருத்தர் தன் பங்குத் தண்ணிய ஊத்தினாங்க. நான் ஜெயிக்கணும்னு ஊத்தினாங்க." வேலிக்கு வெளியே, முருகையாவுக்குப் பின்னால் முகத்துணியைக் கையில் பிடித்தபடி நின்ற மெலிந்த பெண்ணை அவள் காட்டினாள். "எங்க அம்மா. இந்தத் தோட்டத்துல மருந்தடிக்கறாங்க. நான் இந்த லயத்துல பொறந்தவ."

டத்தோ குனிந்தார். அந்தச் சாம்பல் பூத்த செடியையும் கருகிய செடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேதுவிடம் திரும்பினார். "மண் சரியில்லைன்னு எனக்கு எழுதினீங்க."

"அது வந்து டத்தோ..."

"விற்பனை கிடையாது. இன்னொரு வறட்சி பார்க்கணும், சரியான வேலி போட்டு. நீங்க நாளைக்கு ஆபீசுக்கு வந்து என்னைப் பாருங்க." பிறகு திலகத்திடம்: "உங்க வேலை உங்களுக்கு இருக்கு. ஆனா இந்த அம்மா மருந்தடிக்காம விட்டது தப்பு. தோட்டத்துக்குன்னு சட்டம் இருக்கு. நான் என்ன செய்ய?"

அப்பளசாமியின் வாய்தான் வழக்கம்போலத் தானாகத் திறந்துகொண்டது.

"அடிக்காத புல்லு அங்கேயே இருக்கு டத்தோ. தண்டனைன்னா அவங்களையே கையால புடுங்கச் சொல்லுங்க. தோட்டத்துக்கு மருந்துச் செலவும் மிச்சம்."

டத்தோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். யார் இவன் என்று கேட்க நினைத்தவர் போலிருந்தார், கேட்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆகட்டும். புல் முழுக்கப் போகணும்," என்று முருகையாவிடம் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். "டாக்டர், சாப்பாட்டுக்கு வாங்க. பேச நிறைய இருக்கு."

முருகையா முண்டாசைக் கட்டிக்கொண்டார். சேக் பரீது மேலே பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். வேலை முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று அப்பளசாமி டட்சனின் சாவியைக் கையில் எடுத்தான். ஆனால் சின்னம்மா நகரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஊத்தாம இருந்தா?" என்று மகளைக் கேட்டாள்.

"பொழச்சிருக்கும்மா."

"எல்லாமா?"

"எல்லாம்."

சின்னம்மா கொழுத்து நின்ற கத்தரிகளைப் பார்த்தாள். தான் எட்டாமல் விட்ட குட்டைச் செடிகளைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடவே கோபமும் வந்தது.

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல? தொரைக்கு வெளக்குற. இந்த பாய்க்குச் சொல்லியிருக்க. ஊரு ஒலகத்துக்கெல்லாம் படிச்சுக் குடுக்குற. 'ஊத்தாதம்மா, இது இன்ன மாதிரி செடி'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஊத்தியிருப்பனா? எனக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டியா?"

அப்பளசாமி சேக் பரீதைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டத்தோவின் டிரைவர் ஹார்ன் அடித்தான்.

திலகம் வேலி வாசலைக் கடந்து வெளியே வந்தாள். நேராக அம்மாவிடம் போய், பச்சைப் புல்லின் மேல் புடவையோடு உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பாய்," என்றாள் திரும்பாமலே, "டத்தோவ சாப்பிடச் சொல்லுங்க. நான் வர நேரமாவும்."

ஹார்ன் மறுபடி அடித்தது. அவள் ஒரு புல்லைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள்.